ஊருக்கு வெளியே வைத்தவை: தாம்பரம் பயண நாட்குறிப்பு

வெள்ளிக்கிழமை, பல்லாவரம்

தாம்பரம் மாநகராட்சி என்ற பெயருக்கு வயது மிகக் குறைவு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பர் 3 அன்று அது உருவாக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கேயிருந்து வரும் ஒவ்வொருவரும் கடந்து செல்லும் இந்தப் புறநகர் எப்படி ஊராயிற்று, இங்கே யார், எதற்காக வந்தார்கள் என்பதை அந்தந்த இடத்திலேயே நின்று பார்த்து எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. தாம்பரத்தில் இறங்காமல் பல்லாவரத்தில் இறங்கியதற்குக் காரணம், இந்தப் பகுதியின் கதை மனிதக் கையில் இருந்த ஒரு கல்லோடு பல்லாவரத்தில்தான் தொடங்குகிறது.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், பல்லாவரத்தின் ராணுவப் பயிற்சித் திடலை ஒட்டிய செம்பாறைச் சரளைக் குழியிலிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. ஐரோப்பாவில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் கிடைப்பதை அறிஞர்கள் ஏற்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த விவாதத்தைத் தொடர்ந்து படித்து வந்ததனால்தான், வேறொருவர் சாலைக்குப் போடும் சரளை என்று கடந்துபோயிருக்கக்கூடிய கல்லை அவர் குனிந்து எடுத்தார். அதே ஆண்டில் கொசத்தலையாற்றங்கரையின் அத்திரம்பாக்கத்திலும் அவருக்குக் கற்கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கம் இன்று உலகறிந்த பெயர். பல்லாவரமோ விமான நிலையத்துக்கு அடுத்த ரயில் நிறுத்தம் என்ற அளவிலேயே பலருக்கும் தெரிந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

குழி தோண்டியவர்கள் யாருக்காகத் தோண்டினார்கள் என்பதும் முக்கியம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளை நிறுத்தியிருந்தது. சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அருகே பெரும்படையை வைத்துக்கொள்ள இடமும் இல்லை, நல்ல நீரும் இல்லை. தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில், குன்றுகளின் அடிவாரத்தில், வறண்ட மேட்டு நிலத்தில் பாசறை அமைப்பது வசதியாக இருந்தது. அந்தப் பாசறை இன்றும் கன்டோன்மென்ட் வாரியத்தின் பெயரில் தனி நிர்வாகமாக இருந்துவருவதனால், 2021-ல் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் ஒரே மாநகராட்சியானபோது கன்டோன்மென்ட் பகுதி மட்டும் அதில் சேரவில்லை.

வெள்ளிக்கிழமையைத் தேர்ந்து வந்தது சந்தைக்காக. பழைய டிரங்க் சாலையில், கன்டோன்மென்ட் எல்லைக்குள், வாரந்தோறும் இந்த ஒரு நாளில் மட்டும் கூடும் சந்தை இது. செடிகள், புறாக்கள், கருவாடு, பழைய தையல் இயந்திரங்கள், கழற்றிய கதவுகள், இரும்புச் சாமான்கள் என்று எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கின்றன. ரோஜாக் கன்றுகளோடு அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம், “ஐயா, இங்கே முன்பு என்ன விற்றார்கள்?” என்று கேட்டேன். “மாடுதாங்க. எங்கப்பா காலத்துல மாட்டுச் சந்தைன்னுதான் பேரு” என்றார். படைவீரர்களுக்குச் சோறு போட்ட ஊர்களிலிருந்து கால்நடையும் காய்கறியும் வந்து சேர்ந்த இடம் இது என்று கொள்வதற்கு அவருடைய விடையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாலையில் குன்றின் மேலுள்ள குடைவரைக்குச் சென்றேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. அவனுடைய விருதுப் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இன்று அது தர்காவாக வழிபடப்படுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் வழிபாடு நடக்கும் பாறையில் காலணியைக் கழற்றிவிட்டு நிற்பது மனத்துக்கு நிறைவாக இருந்தது. இந்த ஊர் பல்லவபுரம் என்று வழங்கப்பட்டதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் சான்று. பல்லவனுக்கு முன்பும் இங்கே ஊர் இருந்தது: 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அறிஞர் இந்தக் குன்றுச் சரிவில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டியெடுத்தார். பெருங்கற்காலத்தவர் தம் இறந்தோரை அடக்கம் செய்த அந்த நிலத்தின் ஒரு பகுதி இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், ஜமீன் பல்லாவரத்தில் மனை வைத்திருப்பவர்கள் வீடு கட்ட அனுமதி பெறுவதற்குள் சோர்ந்துபோகிறார்கள். அவர்களுடைய துன்பமும் மெய்யானது, அந்த நிலத்தின் மதிப்பும் மெய்யானது. இரண்டுக்கும் இடையே ஒரு தெளிவான எல்லைக்கோட்டை வரைந்து தருவது அரசின் கடமை என்றே கருதுகிறேன்.

சனிக்கிழமை, திரிசூலம், திருநீர்மலை, அனகாபுத்தூர்

திரிசூலம் நிலையத்துக்கு மேற்கே தெரிவது விமான ஓடுதளம். கிழக்கே குன்றுகளுக்கு நடுவே சிவன் கோயில். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள கோயில் இது. புலியூர்க் கோட்டத்துச் சுரத்தூர் நாடு என்பதுதான் இந்த வட்டாரத்தின் அக்கால முகவரி. தொண்டை மண்டலத்தைக் கோட்டங்களாகவும் கோட்டங்களை நாடுகளாகவும் பிரித்து, நாட்டுக்குள் ஊர்களின் ஏரியையும் வரியையும் கணக்கிட்ட அந்த ஏற்பாட்டில் இந்த ஊர்கள் எதற்கும் புறநகராக இருக்கவில்லை. சென்னை என்ற நகரம் 1639-க்குப் பிறகே எழுந்தது. அதற்கு முன் ஐந்நூறு ஆண்டுகளாவது இவை தமக்குத் தாமே மையமாக வாழ்ந்த ஊர்கள். இந்தப் பயணம் முழுவதும் நான் மனத்தில் வைத்துக்கொள்ள விரும்பும் செய்தி இதுதான்.

குன்றுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பரங்கிமலையிலிருந்து பல்லாவரம் வரை நிற்கும் இந்தக் கருநீலப் பாறை நிலவியல் உலகில் சார்னோக்கைட் எனப்படும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல், இந்தச் சென்னைப் பாறை வகையே என்பதைக் கண்ட நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1890களில் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். உலகில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதற்குரிய மூல மாதிரி இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் சரளைக்காகவும் ஜல்லிக்காகவும் குன்றுகள் பாதி வெட்டப்பட்டுக் கிடக்கின்றன.

திருநீர்மலையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை; கூட்டம் மிகுதி. நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களில் பெருமாள் காட்சி தரும் இந்தத் தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். மலையைச் சூழ்ந்து நீர் நின்றதாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன.

அடையாற்றின் கரையிலுள்ள அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். கட்டம் போட்ட சென்னைக் கைக்குட்டைத் துணி இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்ற காலம் உண்டு. நைஜீரியாவில் அது திருமண உடை. அந்த ஏற்றுமதி நின்றுபோன பிறகு பல தறிகள் நின்றன. எஞ்சியவர்கள் வாழைநார் போன்ற இயற்கை நார்களைப் பருத்தியோடு சேர்த்துப் புடவை நெய்கிறார்கள். ஒரு வீட்டில் தறிக்குழிக்குள் கால் வைத்து அமர்ந்திருந்த அம்மா நாரைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். அறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, குரோம்பேட்டை

குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது ஒரு தோல் தொழிற்சாலை. ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பல்லாவரத்துக்குத் தெற்கே இடம் பெயர்ந்து வந்தது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவது நம்முடைய பழைய முறை. குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்டால் அதே வேலை சில நாட்களிலேயே முடிந்துவிடும். தோலும் நீருக்கும் வெப்பத்துக்கும் நன்றாகத் தாங்கும். சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இந்த முறையைச் சோதித்துப் பரப்பிய காலம் அது. தோல் பதனிடும் வேலைக்கு நிறைய நீர் வேண்டும், கழிவை விட இடம் வேண்டும், நாற்றத்தைப் பற்றிக் குறை சொல்ல ஆள் இருக்கக் கூடாது. நகரத்துக்குள் இந்த மூன்றும் கிடைக்காது, இங்கே கிடைத்தன.

குரோம்பேட்டையிலிருந்து நாகல்கேணி, பம்மல் வரை தோல் பதனிடும் பட்டறைகள் பிறகு பெருகின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன என்பதை மறுக்க முடியாது. தோலோடு உழைத்தவர்களில் மிகப் பலர், வேறு வேலை கிடைக்காமல் செய்யப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பல பத்தாண்டுகளாக உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது நிலத்தடி நீர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. நாகல்கேணியில் நான் பேசிய ஒரு குடும்பத்தார் தங்கள் கிணற்றை மூடிப் பல ஆண்டுகளாகின்றன என்றார்கள். குடிப்பதற்கு லாரித் தண்ணீர், குளிப்பதற்கும் அதுவே. நகரம் ஒரு தொழிலை ஊருக்கு வெளியே வைத்தபோது அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களைக் கேட்டு வைக்கவில்லை என்பதை அந்த வீட்டு முற்றத்தில் உணர்ந்தேன்.

இதே குரோம்பேட்டையில்தான் 1949-ல் சி. ராஜம் என்ற தொழிலதிபர், தமது மாளிகையை விற்ற பணத்தில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். விமானப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் என, அன்றைய இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத துறைகளைத் தேர்ந்தெடுத்தது அவருடைய தொலைநோக்கு. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான். பின்னர் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

திங்கட்கிழமை, தாம்பரம் சானடோரியம்

ஒரு மருத்துவமனையின் பெயரைத் தாங்கி நிற்கும் ரயில் நிலையம் இது. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் ஈர்த்த மனிதர் அந்த மருத்துவமனையை நிறுவியவர்.

டேவிட் சௌரி முத்து இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்தவர். சாமர்செட் மாவட்டத்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோயாளிகளுக்காக ஓர் இல்லம் நடத்தியவர். 1917-ன் இறுதியில் கணிதமேதை ராமானுஜன் நோயுற்று அந்த இல்லத்தில் சிகிச்சை பெற்றார். காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. திறந்த வெளிக் காற்று, முழு ஓய்வு, நல்ல உணவு, அளவான நடை ஆகியவையே சிகிச்சை. நெரிசலான நகரத்தில் அது நடவாது என்பதால்தான் உலகெங்கும் இத்தகைய இல்லங்கள் குன்றடிவாரங்களிலும் காடுகளின் ஓரங்களிலும் எழுந்தன. தாயகம் திரும்பிய சௌரி முத்து, அதே எண்ணத்தோடு 1928-ல் தாம்பரத்துக் குன்றுகளின் அருகே பன்னிரண்டு படுக்கைகளுடன் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது அரசின் கைக்கு வந்தது.

மருத்துவமனை இன்றும் முழு மூச்சாக இயங்குவதால் உள்ளே சுற்றிப் பார்ப்பது முறையன்று. வெளிச்சாலையில் மட்டும் நடந்தேன். மரங்களுக்கு நடுவே ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் தாழ்வான கட்டடங்கள், காற்றை உள்ளே விடவே கட்டியவை என்பது பார்த்தவுடன் புரிகிறது. காசநோய் என்றாலே ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த காலத்தில், இந்த நிலையத்தில் இறங்கிய எத்தனையோ பேர் திரும்பிப் போகவில்லை. 1990களில் எச்.ஐ.வி. தொற்றுடையவர்களை மற்ற இடங்கள் ஏற்கத் தயங்கியபோது அவர்களுக்கும் இந்த மருத்துவமனையே இடம் கொடுத்தது. அந்தப் பணிக்காக இந்த ஊர் பெருமைப்பட வேண்டும்.

இங்கே ஒரு வரலாற்றுத் திருப்பத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். 1956-ல் சென்னையின் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. ஏழ்மையான, நெரிசலான வீடுகளிலிருந்தும் மருந்து உட்கொண்டவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்று ஏற்படவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு, நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கவேண்டும் என்ற கொள்கையையே உலகெங்கும் மாற்றியது. தாம்பரத்தில் சானடோரியம் எழுந்ததற்கான காரணத்தை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அதே சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நீக்கிவிட்டது. அதற்குள் அந்த மருத்துவமனையைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது. அதன் நிலத்தின் ஒரு பகுதியில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. சற்றுத் தள்ளி 1984-ல் வந்த ஏற்றுமதி வளாகத்துக்குள் காலையில் வேலைக்கு நுழைபவர்களின் வரிசை சாலை வரை நீள்கிறது.

செவ்வாய்க்கிழமை, கிழக்குத் தாம்பரம்

சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் தொடக்கம், ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-ல் தொடங்கிய பள்ளி. ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நூறாண்டுகள் இயங்கிய பிறகு, 1937-ல் அது சேலையூர்க் காட்டு நிலத்துக்கு வந்தது. நகரத்தின் வணிகச் சந்தடிக்கு நடுவே படிக்க வந்து போகும் மாணவர்களைவிட, ஆசிரியரோடு ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்களை உருவாக்கவேண்டும் என்பதே இடம் மாறியதற்கான காரணம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டடப் பணிகளை முன்னின்று கவனித்தார். அவருடைய மனைவி ஆலிஸ் பார்ன்ஸ் வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார். 365 ஏக்கர் பரப்பில் இன்று புள்ளிமான்கள் திரிகின்றன. சென்னையைச் சுற்றி ஒருகாலத்தில் இருந்த வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடு எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் காண, இவ்வளவு அருகில் எஞ்சியிருக்கும் இடங்கள் மிகச் சிலவே.

கல்லூரி வந்த மறு ஆண்டே தாம்பரத்தின் பெயர் உலகின் பல மூலைகளில் ஒலித்தது. சீனாவின் ஹாங்சோவில் நடக்கவிருந்த அனைத்துலக மறைப்பணி மன்ற மாநாடு, ஜப்பான் சீனாவின்மீது தொடுத்த போரினால் இங்கே மாற்றப்பட்டது. 1938 டிசம்பரில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் இந்த வளாகத்தில் கூடி, கிறித்துவத்துக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவைப் பற்றி விவாதித்தார்கள். இறையியல் நூல்களில் “தாம்பரம்” என்று மட்டும் எழுதினால் இன்றும் அந்த மாநாட்டையே குறிக்கும்.

இவ்வளவு பேர் எப்படி வந்து போனார்கள் என்றால், விடை ரயில். தென்னிந்திய ரயில்வே 1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கியது. பம்பாயில் மின்சார ரயில் வந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. சானடோரியம், மின்சார ரயில், கல்லூரி ஆகிய மூன்றும் பத்தே ஆண்டுகளுக்குள் வந்தவை என்பதைக் கவனித்தால், பாசறையும் தோல் தொழிற்சாலையும் தனித்தனித் தீவுகளாக இருந்த நிலத்தில் தொடர்ச்சி எப்போது உண்டானது என்பது விளங்கும். பாரிமுனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எழுத்தர், மாதச் சீட்டு எடுத்துக்கொண்டு, வாடகைக் குறைவான ஊரில் கிணறும் முருங்கை மரமும் உள்ள வீட்டில் குடியிருக்க முடிந்தது. விடுதலைக்குப் பிறகு நிலையம்தோறும் நகர்களும் காலனிகளும் எழுந்தன. 1964-ல் தாம்பரம் நகராட்சியாயிற்று. அந்த மீட்டர் பாதைப் புறநகர் ரயில்கள் 2004 ஜூலை வரை ஓடின. அவற்றின் குறுகலான பெட்டியில் நின்றபடி பள்ளிக்கும் வேலைக்கும் சென்றவர்கள் இந்த ஊரை உருவாக்கியவர்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவர்கள்.

புதன்கிழமை, மாடம்பாக்கம்

தேனுபுரீசுவரர் கோயிலின் விமானம் யானையின் பின்புறம்போல் வளைந்திருக்கும் தூங்கானைமாட வகை. சோழர் காலத்தில் எழுந்து, இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கருவறையைச் சுற்றி நடக்கும்போது சுவரிலுள்ள கல்வெட்டு எழுத்துகள் தோள் உயரத்திலேயே வருகின்றன. கோயில் இருந்தால் ஏரி இருக்கும் என்பது தொண்டை நாட்டு வழக்கம். சற்றுத் தொலைவில் மாடம்பாக்கம் ஏரி இருக்கிறது.

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர் என்று இந்தப் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஏரி உண்டு. மேலிருக்கும் ஏரி நிறைந்து, கலங்கல் என்ற உபரிநீர்ப் போக்கு வழியே வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பாசறையும் ஆலையும் மருத்துவமனையும் கல்லூரியும் மேட்டு நிலத்தில், நெல் விளையாத இடங்களில் அமைந்தன. ஏரிப் பாசன வயல்கள் அதுவரை பிழைத்திருந்தன. ரயிலை நம்பி வீடு கட்ட வந்தவர்களுக்கு விற்கப்பட்டவையோ அந்த வயல்கள், பிறகு வாய்க்கால்கள், பிறகு ஏரிக்குள்ளேயே வந்த மனைகள். மேற்கே அடையாற்றின் பக்கமும் இதுவே நடந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கிப் படகு விட்டு மக்களை மீட்டபோது, தண்ணீர் தன் பழைய வழியில்தான் வந்தது.

சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் பல ஆண்டுகள் மனுக்கொடுத்தும், ஞாயிறுதோறும் தாமே இறங்கிக் குப்பை அள்ளியும் தங்கள் ஏரிக்கு நிதி பெற்றுத் தூர்வாரச் செய்திருக்கிறார்கள். அதன் கரையில் என்னோடு நடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், கலங்கல் இருக்கும் இடத்தைக் காட்டி, “இதுக்கு அப்புறம் தண்ணி செம்பாக்கம் போகணும் சார். வாய்க்கால் வரைபடத்துல இருக்கு, தரையில தேடணும்” என்றார். பழைய வருவாய்த் துறைப் புலப்படங்களில் அந்த வாய்க்கால்கள் எண்ணோடு குறிக்கப்பட்டுள்ளன. மாநகராட்சியின் எழுபது வார்டுகளும் இப்போது ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டதனால், முன்பு ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்த இந்த வாய்க்கால்களை ஏரிக்கு ஏரி அளந்து மீட்கும் பணியை இனி ஒரே அலுவலகத்தில் கேட்கலாம்.